கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரை மதிப்பிடுவது எப்படி? விளையாட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கால்பந்துப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று அறிக்கை தரும்படி முதல்வர் அலுவலகத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்திருக்கலாம். நீங்கள் வேதியியலோ வரலாறோ நடத்துபவராக இருப்பீர்கள். ஆஃப்சைடு எது என்று கேட்டால் சற்று யோசிப்பீர்கள். ஆனால் விளையாட்டுக் குழுவில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். நான் வணிகவியல் ஆசிரியன். காவிரிப் படுகையில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் இதே வேலை என் தலையிலும் விழுந்தது. யாரிடம் கேட்பது, எந்தக் கோப்பைத் திறப்பது என்று தெரியாமல் திண்டாடிய பிறகு கைவந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன். பதினொருவர் அணியைக் களமிறக்கும் எந்தக் கல்லூரிக்கும் இது பொருந்தும். கிரிக்கெட்டுக்கோ கபடிக்கோ அப்படியே பயன்படுத்தாதீர்கள். அவற்றின் கணக்கு வேறு.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை கோப்பை?" என்ற கேள்வியைத் தாளாளர் கேட்பார், பழைய மாணவர் சங்கம் கேட்கும், டீக்கடையிலும் கேட்பார்கள். நீங்கள் கேட்கவேண்டியது, "அவர் கையில் எது இருந்தது, அதை வைத்து அவர் என்ன செய்தார்?" என்பதைத்தான்.

1. முடிவெடுக்கும் தேதியை முதலில் குறியுங்கள்

மார்ச் கடைசிக்குள் முடிவு எடுத்தாகவேண்டும். ஜூனில் எடுக்கும் முடிவு, சரியான முடிவாகவே இருந்தாலும், பயனற்றது.

காரணம் சேர்க்கை. பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் நடக்கிறது, முடிவு மே மாதம் வருகிறது. அரசு கலைக் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வை நடத்திவிடுவார்கள். விளையாட்டு வீரர்கள் அதில்தான் வருகிறார்கள். நல்ல கோல்கீப்பர் ஒருவனை உங்கள் கல்லூரிக்குக் கொண்டுவர நினைக்கும் பயிற்சியாளர் ஏப்ரலிலேயே அவன் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேசியிருக்கவேண்டும். "நான் ஜூலையில் இங்கே இருப்பேனா என்றே தெரியவில்லை" என்ற நிலையில் இருப்பவர் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்? முடிவைத் தள்ளிப்போடும் நிர்வாகம் அடுத்த மூன்றாண்டு அணியை அந்த ஒரு வசந்த காலத்திலேயே இழந்துவிடுகிறது.

எனவே ஆண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் இலக்குகளை எழுத்தில் வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள், அதாவது ஆகஸ்ட், செப்டம்பரில், முதல்முறை மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் களிமண் மைதானங்களில் கணுக்கால் அளவு சேறு நிற்கும்; அப்போது போய்ப் பார்த்துவிட்டு "பயிற்சியே நடக்கவில்லை" என்று எழுதுவது அநியாயம். ஆனால் மழையில் அவர் மாற்று ஏற்பாடு செய்தாரா என்பது வேறு கேள்வி, அது கீழே வருகிறது. ஜனவரியில் போட்டி விவரங்கள், பிப்ரவரியில் மாணவர்களுடனும் பயிற்சியாளருடனும் பேச்சு, மார்ச் இரண்டாம் வாரத்தில் அறிக்கை.

பொங்கலையும் சம்பா அறுவடையையும் கணக்கில் எடுங்கள். தை மாதம் பாதி அணி வயலில் இருக்கும். ஒருவன் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் நிற்பான், இன்னொருவன் நெல் மூட்டையோடு நேரடி கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பான். அந்த மாத வருகைப்பதிவைப் பார்த்து ஒழுக்கமற்ற அணி என்று யாராவது சொன்னால் அவருக்கு இந்த மண் தெரியாது என்று பொருள்.

2. கோப்புகளைத் திரட்டுங்கள்

பேச்சுக்கு முன் காகிதம். நீங்கள் கேட்டு வாங்கவேண்டியவை: பணி நியமன ஆணை, ஒப்பந்த நிபந்தனைகள், பயிற்சிச் சான்றிதழ்களின் நகல், பயிற்சி வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளின் அட்டவணையும் முடிவுகளும், பயணப் பில்கள், ஆன்-டியூட்டி (போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடுவது) பட்டியல்கள், காயங்கள் பற்றிய குறிப்பு ஏதாவது இருந்தால் அதுவும். கடைசியில் சொன்னது பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதே ஒரு தகவல்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

நியமன ஆணையில் பார்க்கவேண்டியது: அவர் முழுநேரமா, மாலை மட்டுமா? பதினொரு மாத ஒப்பந்தமா? நீக்குவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? பல ஆணைகளில் "கால்பந்து அணிக்குப் பயிற்சி அளித்தல்" என்ற ஒரே வரிதான் இருக்கும். பெண்கள் அணி அவர் பொறுப்பா, மைதானப் பராமரிப்பு யாருடையது, விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு ஆள் திரட்டுவது யார் வேலை என்று எதுவும் இருக்காது. எழுதிக்கொடுக்காத வேலையைச் செய்யவில்லை என்று ஒருவரைக் குறைசொல்ல முடியாது.

சான்றிதழ் விஷயத்தில் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்கள் படிப்படியாக ஏறுபவை. டி உரிமம் தொடக்கநிலை. சில நாள் வகுப்பிலேயே கிடைப்பது. அதற்கு மேல் சி, பி, ஏ, எல்லாவற்றுக்கும் மேலே புரோ. கல்லூரி அணிக்கு சி உரிமம் இருந்தால் நல்லது. பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பட்டயம் வேறு வகை. அதிலும் ஏறக்குறைய ஓராண்டுப் பட்டயத்துக்கும் ஆறு வாரச் சான்றிதழுக்கும் வேறுபாடு உண்டு, இரண்டையுமே "என்.ஐ.எஸ். முடித்தவர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பி.பி.எட்., எம்.பி.எட். ஆகியவை உடற்கல்விப் பட்டங்கள்; அவை மட்டுமே ஒருவரைக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆக்கிவிடாது. "மாநில அணிக்கு ஆடியவர்" என்பது பெருமை, ஆனால் பயிற்சித் தகுதி அல்ல. உரிம நகலைப் பார்த்தால் மட்டும் போதாது, கூட்டமைப்பின் மையப் பதிவு எண்ணையும் கேளுங்கள். உரிமம் காலாவதியாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அவரைத் திட்டுவதற்கு முன், புதுப்பிப்பு வகுப்புக்குப் போக நீங்கள் விடுப்பும் பணமும் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு பொறி: பயிற்சியாளரும் உடற்கல்வி இயக்குநரும் ஒருவரல்ல. பந்து வாங்குவது, பதிவு செய்வது, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போடுவது எல்லாம் பெரும்பாலும் இயக்குநர் வேலை. அவர் தாமதித்ததற்குப் பயிற்சியாளர் தலை உருளக்கூடாது, எதிர்ப்பக்கமும் அப்படியே.

நீங்கள் குழுவில் இல்லாத பழைய மாணவராகவோ பெற்றோராகவோ இருந்து, கல்லூரி அரசுக் கல்லூரியாகவோ உதவிபெறும் கல்லூரியாகவோ இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம். அதனால் பிப்ரவரிக்குப் பிறகு போட்டால் மார்ச் முடிவுக்கு உதவாது. கேள்வியை "விளையாட்டு நிதி என்ன ஆயிற்று?" என்று கேட்காதீர்கள், "இந்தக் கல்வியாண்டில் கால்பந்துக்கு வாங்கிய பொருள்களின் பில் நகல்" என்று கேளுங்கள்.

3. அவருக்கு என்ன கொடுத்தோம் என்று கணக்குப் பாருங்கள்

இதைத்தான் எல்லாக் குழுக்களும் தாண்டிப் போகின்றன. பயிற்சியாளரைப் பற்றிய அறிக்கையின் முதல் பக்கம் கல்லூரியைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

மைதானத்திலிருந்து தொடங்குங்கள். விதிப்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர். நம் பக்கத்தில் பல கல்லூரிகளின் களம் இதைவிடச் சிறியது, அல்லது ஒரு மூலையில் கிரிக்கெட் பிட்ச் ஓடுகிறது, இன்னொரு மூலையில் தேசிய மாணவர் படை அணிவகுக்கிறது. சின்னக் களத்தில் பழகிய அணி, தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் அல்லது திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் போன்ற முழு அளவுக் களத்தில் இறங்கினால் அறுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும். அந்தத் தோல்வி யாருடையது?

அடுத்து நேரம். வகுப்பு முடிந்து மாணவர்கள் மைதானத்துக்கு வர நாலரை ஆகிறது. பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமப் பையன்களுக்கு ஆறு மணிக்கு மேல் டவுன் பஸ் கிடைப்பது கடினம். விடுதி மாணவர்கள் எத்தனை பேர், பஸ்ஸில் வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பாதிப் பேர் ஐந்தேமுக்காலுக்குப் பையைத் தூக்கினால், பயிற்சியாளருக்குக் கிடைக்கும் உண்மையான நேரம் ஒரு மணிக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். காலைப் பயிற்சிக்கு விடுதி மெஸ்ஸில் ஏழரைக்குள் சாப்பாடு தயாராகிறதா? முட்டையும் பாலும் தர விளையாட்டு நிதியில் இடமுண்டா? இவற்றையெல்லாம் எழுதுங்கள்.

பந்து. இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக நடக்கும். 22 பேருக்கு மூன்று பந்து வைத்திருக்கும் கல்லூரியில் பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். நல்ல ஐந்தாம் எண் பந்து ஆயிரம் ரூபாயைச் சுற்றி வரும். இத்தோடு கோல் வலை, கோடு போடச் சுண்ணாம்பு, அடையாளக் கூம்புகள், பயிற்சி ஜெர்சி. ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் இதெல்லாம் தாராளமாக முடிந்துவிடும்.

4. வெற்றி தோல்விப் பட்டியலைப் படியுங்கள், ஆனால் மெதுவாக

கால்பந்தில் கோல் குறைவு. 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் விழுந்தவை 172 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. கோல் குறைவாக விழும் ஆட்டத்தில் ஒரு தவறான விசில், கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, முடிவையே மாற்றிவிடும். அதோடு நம் மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட், ஒருமுறை தோற்றால் வெளியே. முதல் நாளே வலுவான அணியோடு மோதினால் ஆண்டு முடிந்தது. ஒரு பருவத்தில் உங்கள் அணி ஆடும் முக்கிய ஆட்டங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இவ்வளவு சிறிய கணக்கை வைத்து ஒருவரின் வேலையைத் தீர்மானிப்பது சரியல்ல.

ஆகவே குறைந்தது மூன்றாண்டு முடிவுகளைப் பாருங்கள். முதல் சுற்று எதிராளி யார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றதைத் தோல்வி வரிசையில் வைக்காமல் சமநிலை என்று குறியுங்கள். கோல்கள் எந்த நிமிடத்தில் விழுந்தன என்பதைத் தேடுங்கள்: கடைசி இருபது நிமிடத்தில் தொடர்ந்து கோல் வாங்கும் அணிக்கு உடல்திறன் குறை அல்லது மாற்று ஆட்டக்காரர்களைச் சரியாக இறக்காத குறை. கார்னரிலிருந்தும் ஃப்ரீ கிக்கிலிருந்தும் விழுந்தவை எத்தனை என்றும் பாருங்கள். இவை பழகிப் பழகித் தடுக்கக்கூடியவை. இங்கே சாக்குக்கு இடம் குறைவு.

ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் என்ன மாற்றினார் என்பதைத்தான் நான் கோல் எண்ணிக்கையைவிட அதிகம் நம்புவேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா முதலில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தோடு கணக்கை மூடியிருந்தால் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் தோற்றவர். இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை இந்தியா 2-1 என்று வென்றது; தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடவிட்டார் ரஹீம், அவரும் ஒரு கோல் அடித்தார். ரஹீம் அடிப்படையில் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் என்பதை, "பெரிய பிளேயராக இருந்தவர்தான் கோச்சாக இருக்கமுடியும்" என்று குழுக் கூட்டத்தில் யாராவது சொல்லும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் ஒருவர் சொல்வார்.

5. மைதானத்துக்குப் போய் நில்லுங்கள்

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை. காலை ஆறு மணிக்கும் ஒருமுறை போங்கள். தூக்கம் போனால் பரவாயில்லை. நிழலில் நாற்காலி போட்டு உட்காராதீர்கள், பயிற்சியே மாறிவிடும்.

கால்பந்து தெரியாதவரும் கவனிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. பயிற்சி குறித்த நேரத்துக்குத் தொடங்குகிறதா? பயிற்சியாளர் கையில் ஒரு தாளாவது இருக்கிறதா, அல்லது "ரெண்டு டீமாப் பிரிஞ்சு ஆடுங்கடா" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறாரா? வரிசையில் நின்று காத்திருக்கும் நேரம் எவ்வளவு? ஒரு பையனை மட்டும் தேர்ந்தெடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அவன் எத்தனை முறை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணுங்கள். நன்றாக ஆடும் பையன் ஒருவன், சுமாரான பையன் ஒருவன் என்று இருவரையும் எண்ணினால் இன்னும் தெளிவாகும். நட்சத்திர ஆட்டக்காரனை மட்டும் வளர்க்கும் பயிற்சியாளர் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார்.

உடலைச் சூடாக்கும் பயிற்சியைக் கவனியுங்கள். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. ஏறக்குறைய இருபது நிமிடம், தனிக் கருவி எதுவும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் பயிற்சியாளர் இதையோ இதுபோன்ற ஒன்றையோ செய்கிறாரா, மைதானத்தைச் சுற்றி நான்கு ரவுண்டு ஓடவிட்டு முடித்துவிடுகிறாரா? முழங்கால் தசைநார் அறுந்த பையனுக்கு அறுவைச் சிகிச்சை என்றால், அந்தக் குடும்பத்தின் ஒரு போகம் விளைச்சல் மருத்துவமனைக்குப் போய்விடும். அவன் படித்து முடிக்கும்வரை மறுபடி ஆடாமலே போகவும் கூடும். பயிற்சியாளரை மதிப்பிடும்போது காயங்களுக்குக் கோப்பைகளைவிட அதிக இடம் கொடுங்கள் என்று குழுவில் வாதாடியிருக்கிறேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

வெயில் இன்னொரு விஷயம். மார்ச், ஏப்ரல் மாலை நாலு மணிக்கும் நம் பக்கம் அனல் அடங்காது. தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை குடிக்க விடுகிறார்? தண்ணீர் கேட்டவனை "சோம்பேறி" என்று திட்டும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்த்தால் சுற்றிவளைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

மழைக்காலம்: மைதானம் மூழ்கியபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் கல்லூரி அரங்கிலோ வராந்தாவிலோ உடற்பயிற்சி வைத்திருப்பார், வகுப்பறையில் ஆட்ட வீடியோ போட்டுக் காட்டியிருப்பார், பக்கத்து ஊர் மணல் திடலுக்கு அழைத்துப் போயிருப்பார். அக்டோபரில் மூடி ஜனவரியில் திறந்தவருக்கு மழைமேல் பழிபோட முழு உரிமை கிடையாது. நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் மழை வரும் என்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல.

போட்டி நாளில் ஓரத்தில் நின்று அவர் வாயைக் கவனியுங்கள். எல்லாப் பயிற்சியாளரும் கத்துவார்கள். என்ன கத்துகிறார் என்பதுதான் விஷயம். "இடது பக்கம் திறந்திருக்கு" என்பது தகவல். குடும்பத்தையோ சாதியையோ நிறத்தையோ இழுத்துத் திட்டுவது வேறு. அதற்கு மன்னிப்பே கிடையாது, எத்தனை கோப்பை வாங்கிக்கொடுத்திருந்தாலும்.

6. மாணவர்களிடம் கேளுங்கள்

அணித்தலைவனை மட்டும் அழைத்து விசாரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவன் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தவன். உட்கார்ந்தே பருவத்தைக் கழித்த மாற்று ஆட்டக்காரர்கள், பாதியில் விலகியவர்கள், இறுதியாண்டு முடிக்கப்போகிறவர்கள் ஆகியோரைத் தனித்தனியாகக் கேளுங்கள். விலகியவர்களின் பட்டியல்தான் பெரும்பாலும் அதிகம் பேசும். முதலாண்டில் சேர்ந்த இருபது பேரில் மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர் மிச்சம்?

பெயர் எழுதாத தாளில் நான்கைந்து கேள்விகள் போதும். உங்கள் இடம் எது, ஏன் அந்த இடம் என்று அவர் விளக்கியிருக்கிறாரா? போன ஆண்டைவிட எதில் தேறினீர்கள்? காயம்பட்டபோது அவர் என்ன செய்தார்? யாரிடமாவது பணம் கேட்டாரா? அடுத்த ஆண்டும் அவரிடமே ஆட விருப்பமா? கூகுள் படிவம் அனுப்பாதீர்கள்; மின்னஞ்சல் பதிவாகும் என்று பயந்து எல்லோரும் "நன்று" என்று போட்டுவிடுவார்கள்.

மாணவர்கள் சொல்வதையும் சலித்துத்தான் எடுக்கவேண்டும். ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்காதவன் கோபமாக இருப்பான். ஊர்த்திருவிழா செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) போட்டியில் ரொக்கப் பரிசுக்கு ஆடப் போகாதே என்று தடுத்த பயிற்சியாளர்மேலும் பையன்களுக்கு எரிச்சல் உண்டு. அந்த எரிச்சல் அவருக்கு ஆதரவான சாட்சியம்.

பெண்கள் அணி இருந்தால், அவர்களிடம் பேசும் குழுவில் பேராசிரியை ஒருவராவது இருக்கவேண்டும். வெளியூர்ப் பயணத்தில் பெண் பொறுப்பாளர் உடன் போனாரா, தங்கும் அறை ஏற்பாட்டை யார் செய்தது, பயிற்சி முடிந்து கடைசிப் பஸ் பிடிக்கமுடிகிறதா என்று கேளுங்கள். அத்துமீறல் பற்றி ஒரு சொல் காதில் விழுந்தாலும் அது உங்கள் மதிப்பீட்டு அறிக்கைக்குள் அடங்கும் விஷயமல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின்படி அமைந்த கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகவேண்டும். நீங்களே விசாரித்துச் சமரசம் செய்யப் புகாதீர்கள்.

7. காகித வேலையில் அவர் எப்படி?

கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரு மாணவனின் எதிர்காலம் இங்கேதான் தொங்குகிறது.

பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டியிலோ அகில இந்தியப் போட்டியிலோ ஆடியவனுக்கு அதற்கான சான்று வேண்டும். மத்திய அரசுப் பணியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3; அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து இருக்கவேண்டும். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆடி முடித்து ஐந்தாண்டு கழித்து இந்தக் கையெழுத்துக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். உங்கள் பயிற்சியாளர் அந்த ஆண்டே வாங்கிக் கொடுத்தாரா? நகல் கல்லூரிக் கோப்பில் இருக்கிறதா? இல்லாவிட்டால் அவர் கோப்பையே வாங்கியிருந்தாலும் மதிப்பீட்டைக் குறையுங்கள்.

தகுதிப் பட்டியலையும் சரிபாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு வயது வரம்பு 17 முதல் 25 வரை. முழுநேர மாணவராக இருக்கவேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், போனஃபைடு சான்றிதழ் ஆகியவை முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். தகுதியில்லாத ஒருவனை இறக்கி மாட்டிக்கொண்டால் முழு அணியும் வெளியேறும்.

ஆன்-டியூட்டி கடிதங்கள் துறைகளுக்குப் போட்டிக்கு முன் போகின்றனவா, பின்னா? 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வெழுதத் தவிக்கும் ஆட்டக்காரன் இருந்தால், பாதிப் பொறுப்பு கடிதத்தைத் தாமதித்தவருடையது.

8. பணம்

செலவை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: மதிப்பூதியம், பொருள்கள், பயணம். மதிப்பூதியத்தை உண்மையில் நடந்த பயிற்சி மணிநேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். அந்தத் தொகையைப் பார்த்தபிறகு குழுவில் சிலர் சற்று நேரம் பேசமாட்டார்கள். பயணப்படி மாணவர் கைக்கு முழுதாகப் போகிறதா என்று ரசீதோடு ஒப்பிடுங்கள். கையொப்பத் தாளில் பெயர் இருந்தும் பயணம் செய்யாதவர்கள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஜெர்சிக்கு மாணவரிடம் வசூல் நடந்திருந்தால் அதற்கு ரசீது எங்கே?

மாற்றுவதற்கும் செலவு உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. விளம்பரம், தேர்வுக்குழுப் படி, புதியவர் மாணவர்களை அறிந்துகொள்ள ஆகும் ஒரு பருவம், பழையவரை நம்பிச் சேர்ந்த பையன்கள் விலகிப்போகும் வாய்ப்பு. இவற்றையும் ஒரு பத்தியில் போடுங்கள்.

9. பயிற்சியாளரிடம் பேசுங்கள்

அறிக்கையை எழுதியபின் அல்ல, எழுதுமுன். கேள்விகளை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். அவர் பதிலையும் எழுத்தில் வாங்கி அறிக்கையோடு இணையுங்கள். இது மரியாதை மட்டுமல்ல. நாளை வழக்கு என்று வந்தால், "என்னைக் கேட்கவே இல்லை" என்ற ஒரு வாதம் போதும், உங்கள் அறிக்கை நிற்காது.

"ஏன் தோற்றீர்கள்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த ஆண்டு அணியை எப்படி அமைப்பீர்கள், யார் இடம் காலியாகிறது, எந்தப் பள்ளிகளில் ஆள் பார்த்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பெயரும் ஊரும் இடமும் தடையில்லாமல் வந்தால் அவருக்கு இங்கே எதிர்காலம் இருக்கிறது. "நல்ல பசங்களா வரணும் சார்" என்று முடித்தால் இல்லை. அவரைப் பற்றி உடற்கல்வி இயக்குநர் சொல்வதைத் தனியாகக் கேளுங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் இருவருமே உண்மை பேசமாட்டார்கள்.

கால்பந்தைச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒருவரைக் குழுவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்: ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், மாவட்ட அளவில் நடுவராக இருப்பவர். ஒருநாள் படியும் பயணச் செலவும் கொடுத்தால் வருவார்கள். ஆனால் அந்த வேலைக்கே ஆசைப்படுகிறவரை அழைத்துவிடாதீர்கள். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

10. அறிக்கை

நான்கு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். முதல் பக்கம் கல்லூரி கொடுத்தவை. இரண்டாவது, நேரில் கண்டவை, தேதியோடு. மூன்றாவது, மாணவர், பயிற்சியாளர் சொன்னவை. நான்காவது பரிந்துரை. பதினாறு பத்திகளில் மதிப்பெண் போட்டு நூற்றுக்கு 63 என்று கூட்டிக் காட்டாதீர்கள். அந்த 63-ஐப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

பரிந்துரை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நீட்டிக்கலாம், நீக்கலாம், ஓராண்டு நிபந்தனையோடு நீட்டிக்கவும் செய்யலாம். நிபந்தனையை அளக்கக்கூடியதாக எழுதுங்கள்: பயிற்சித் திட்டம் வாரந்தோறும் எழுத்தில், காயப் பதிவேடு, ஏப்ரல் முடிவதற்குள் ஆறு புதிய மாணவர்களின் பெயர், சி உரிம வகுப்பில் சேர விண்ணப்பம். கூடவே கல்லூரியின் பக்கத்து நிபந்தனைகளையும் எழுதுங்கள்: பந்து இத்தனை, மைதானம் இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை கால்பந்துக்கு மட்டும், வகுப்புக்குப் போக விடுப்பு. ஒருபக்க நிபந்தனை தண்டனைதான்.

"அணியை மாநில அளவில் உயர்த்தவேண்டும்" என்ற வரியைத் தாளாளர் சேர்க்கச் சொல்வார். மறுத்துவிடுங்கள், அல்லது எந்த ஆண்டுக்குள், எந்த நிதியில் என்று அவரையே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நீக்குவதென்று முடிவானால் முன்னறிவிப்புக் காலத்தை நியமன ஆணைப்படி கொடுங்கள், நிலுவை ஊதியத்தைக் கடைசி நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், பணிச்சான்றிதழைக் கேட்பதற்கு முன்பே தயாராக வையுங்கள். செய்தி முதலில் அவருக்குப் போகவேண்டும், பிறகு அணிக்கு, பிறகுதான் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு. அவரிடமிருந்து வாங்கவேண்டியவை: அறைச் சாவி, இருப்புப் பதிவேடு, இன்னும் கையெழுத்தாகாமல் நிற்கும் படிவம் 3-களின் பட்டியல், அவர் பேசிவைத்திருக்கும் பிளஸ் டூ மாணவர்களின் பெயரும் பெற்றோர் எண்ணும். கடைசியில் சொன்னதை அவர் தரவேண்டிய கட்டாயம் இல்லை. கௌரவமாக அனுப்பினால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.